விண்கல்லுக்குள் மரம் இருந்ததா?

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர், தம் மாணவி வகுப்பில் கேட்ட கேள்வியை எனக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். “நெய்வேலி நிலக்கரியில் இருக்கிற கார்பன் மரத்திலிருந்து வந்தது என்று சொன்னீர்கள். விண்கல்லிலும் கார்பன் இருக்கிறது, அமினோ அமிலம்கூட இருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியென்றால் விண்கல்லுக்குள்ளும் மரம் இருந்ததா, டீச்சர்?” என்பது அந்தப் பெண்ணின் கேள்வி. புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரிம வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல கேள்வி என் வகுப்புகளில் அதிகம் வந்ததில்லை. 1834இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ், பிரான்சில் 1806ஆம் ஆண்டு விழுந்த அலே விண்கல்லைப் பகுத்து, அதில் கார்பன் சேர்ந்த பொருளும் நீரும் இருப்பதைக் கண்டபோது, அவர் முன் நின்றதும் இதே கேள்விதான். அந்தக் கல் எங்கிருந்து வந்ததோ அங்கே உயிர்கள் வாழ்ந்தன என்று முடிவுகட்ட இது போதாது என்று அவர் நிதானமாக எழுதி வைத்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்த நிதானம் சரியாகவே இருக்கிறது.

மரம் இல்லை, வேறு எந்த உயிரும் அங்கே இருந்ததற்குச் சான்றும் இல்லை. ஆனால் அதை எப்படி அறிந்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பொருளில் கரிமச் சேர்மம் இருக்கிறதா என்று கேட்பதால் பயனில்லை, ஏனெனில் கரிமச் சேர்மம் என்பது கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மம், அவ்வளவுதான். அதை உண்டாக்க உயிர் வேண்டும் என்ற நம்பிக்கை 1828இல் வோலர் ஆய்வுக்கூடத்தில் யூரியாவைத் தயாரித்த நாளிலிருந்தே ஆட்டம் கண்டுவிட்டது. கேட்க வேண்டியது வேறு. அந்தச் சேர்மங்களில் ஒரு தேர்வு தெரிகிறதா? இயற்கை விதிகளின்படி உருவாகக்கூடிய நூறு வடிவங்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்ட அடையாளம் தெரிகிறதா? உயிர் தேர்ந்தெடுத்துச் செய்யும். வெறும் வேதிவினை, முடிந்ததையெல்லாம் செய்யும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நெய்வேலிக் கரியையும் விண்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடலாம்.

முதலில் நெய்வேலியைப் பார்ப்போம், அது நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து அப்போதுதான் எடுத்த பழுப்பு நிலக்கரியைக் கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும், அது கரி போலவே இருக்காது. ஈரமாக, குளிர்ச்சியாக, இருண்ட பழுப்பு நிறத்தில் இருக்கும். எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். இரண்டு நாள் வெயிலில் வைத்தால் காய்ந்து வெடித்து, மண்கட்டி போல உதிரத் தொடங்கும். சில துண்டுகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும், நகத்தால் கீறினால் இழை இழையாகப் பிரியும். கவனமாகத் தேடினால் கடுகளவு, சில சமயம் அதைவிடப் பெரிதாக, மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போன்ற துணுக்குகள் கிடைக்கும். அவை அந்தக் காலத்து மரங்கள் வடித்த பிசின். ஊசி முனையால் ஒன்றை எடுத்து நெருப்பில் காட்டினால், பூசை அறையில் குங்கிலியம் போட்டது போன்ற ஒரு வாசனை மெல்லிதாக எழும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பிறகும் அந்த மூலக்கூறுகள் தம் குணத்தை முழுவதும் இழந்துவிடவில்லை.

அதே துண்டைப் பொடித்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுச் சற்றே சூடாக்கினால் கரைசல் காபி டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறும். அதில் சில துளி அமிலம் விட்டால் பழுப்பான பொருள் திரிந்து கீழே படியும். இது ஹியூமிக் அமிலம், மரக்கட்டைக்கு விறைப்பைக் கொடுத்த லிக்னின் சிதைந்து உருமாறி வந்தது. லிக்னின் மரத்துக்கே உரிய பொருள். கடல்பாசியில் அது இவ்வளவு கிடையாது, விண்கல்லில் அறவே கிடையாது. பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே, ஆசிரியரின் கண்பார்வையில், இதைச் செய்து காட்டலாம்.

நெய்வேலியைச் சொல்லும்போது திருவக்கரையையும் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியிலிருந்து பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இலேயே குறிப்பிட்ட இடம் அது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்த மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. அந்தப் பாறை கடலூர் மணற்கல் என்றே புவியியலில் பெயர் பெற்றது, நம் கேப்பர் மலையின் செம்மண் மேட்டுக்கும் அதே பெயர்தான். அங்கே மரத்தின் வளையம், பட்டை, கணு எல்லாம் கண்ணால் காணக் கிடைக்கின்றன, ஆனால் மரத்துப் பொருள் ஏறத்தாழ எதுவும் மிச்சமில்லை. செல்லுக்குள் செல்லாக சிலிக்கா புகுந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. நெய்வேலியில் நடந்தது இதற்கு நேர்மாறு: பெரும்பகுதியில் உருவம் நசுங்கி அழிந்துவிட்டது, மூலக்கூறு தங்கிவிட்டது. ஒரே மாவட்ட எல்லைகளைச் சுற்றி, சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள், உருவத்தை மட்டும் காத்த ஒரு களமும் மூலக்கூற்றைக் காத்த ஒரு களமும் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்பதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. பழைய உயிரைப் பற்றிய சான்றுகள் இந்த இரண்டு வகைகளிலும் வரும், இரண்டும் ஏமாற்றவும் செய்யும்.

நெய்வேலி மூலக்கூறுகளில் தேர்வு எப்படித் தெரிகிறது? கரிப்பொடியைக் கரைப்பானில் ஊறவைத்து, வரும் மஞ்சள் நிறச் சாற்றை கலவையைக் கூறுகூறாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் வாயுப் பிரிகை வரைவியில் செலுத்தினால் இலை மெழுகின் சங்கிலிகள் வரிசையாக வெளிவரும். வாழையிலையின் மேல் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதே, அதற்குக் காரணமான வகை மெழுகு. நிலத் தாவரங்களின் மெழுகிலுள்ள நீண்ட ஹைட்ரோகார்பன்களில் 27, 29, 31 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்டவை ஓங்கி நிற்கும். 28, 30 ஆகியவை குட்டையாக நிற்கும். காரணம் எளிது. செல் கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பன்களாகக் கோத்துக் கட்டுகிறது, ஆகவே அது இரட்டைப்படையில் முடியும். அதிலிருந்து ஒரு கார்பன் கழிந்து ஹைட்ரோகார்பன் ஆகும்போது ஒற்றைப்படை ஆகிவிடும். மரம் செத்து, மக்கி, கரியாகிய பின்னும் அந்த மேடும் பள்ளமும் அழிவதில்லை. இதோடு, ஐந்து கார்பன் துண்டுகளை ஆறு முறை இணைத்துக் கட்டிய டிரைடெர்பீன்களின் மிச்சங்களும் வரும். ஒலியனேன், லூப்பேன் வகைகள் பூக்கும் தாவரங்களையும், ஹோப்பேன் வகை பாக்டீரியாவையும் காட்டிக்கொடுக்கும். இத்தனை வளையங்களை இந்த ஒழுங்கில், இந்தத் திருப்பத்தில் அடுக்க தற்செயலான வேதிவினைக்கு வழியே இல்லை.

இப்போது விண்கல்லுக்கு வருவோம். 1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்ற சிற்றூரைச் சுற்றி ஒரு விண்கல் வெடித்துச் சிதறி விழுந்தது. 100 கிலோவுக்கும் அதிகமான துண்டுகள் பொறுக்கி எடுக்கப்பட்டன. கரி போலக் கறுத்த அந்தத் துண்டுகளிலிருந்து மெத்திலேட்டட் ஸ்பிரிட் வாடை அடித்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். விழுந்த காலம் ஆய்வாளர்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. அந்த ஆண்டு ஜூலையில்தான் அப்பல்லோ 11 நிலவுக் கற்களுடன் திரும்பியிருந்தது. அந்தக் கற்களில் கரிமப் பொருளைத் தேடுவதற்காக மிகத் தூய்மையான ஆய்வுக்கூடங்கள் அப்போதுதான் தயாராகி இருந்தன. கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில் அந்தப் பணியை நடத்தியவர் சிரில் பொன்னம்பெருமா. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் பெற்று, பிறகு வேதியியலுக்கு வந்தவர். 1970 டிசம்பரில் குவென்வோல்டனும் பொன்னம்பெருமாவும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, விண்கல்லில் அமினோ அமிலம் உண்டு என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவியது.

அதற்கு முன்னும் பலர் விண்கல்லில் அமினோ அமிலம் கண்டதாகச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலும் அவை விரல் ரேகையிலிருந்து வந்தவை. ஏம்ஸ் குழுவை நம்ப வைத்தவை மூன்று செய்திகள். ஒன்று, கண்ட அமினோ அமிலங்களில் பல, நம் புரதங்களில் இல்லாதவை; ஐசோவேலின், ஆல்ஃபா அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம் போன்றவை விரல் ரேகையில் வரவே வராது. இரண்டு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. மூன்று, அவற்றில் கார்பன்-13 என்ற கனமான ஐசோடோப்பு, பூமியின் உயிர்ப்பொருளில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. இன்றுவரை மர்ச்சிசனில் எண்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. நம் உடலின் புரதங்கள் பயன்படுத்துவதோ வெறும் 20.

இந்த எண்களிலேயே தேர்வும் தேர்வின்மையும் வெளிப்படுகின்றன. நான்கு கார்பன் கொண்ட அமினோ அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமினோத் தொகுதி சங்கிலியின் எந்தெந்தக் கார்பனில் உட்காரலாமோ அங்கெல்லாம் உட்கார்ந்த வடிவங்களும், சங்கிலி நேராகவும் கிளைத்தும் அமைந்த வடிவங்களும் மர்ச்சிசனில் இருக்கின்றன. அடுத்து ஐந்து கார்பனுக்குப் போனாலும் அப்படியே. கார்பன் எண்ணிக்கை கூடக்கூட அளவு சீராகக் குறைந்துகொண்டே போகிறது, இடையில் மேடு பள்ளம் இல்லை. கார்பாக்சிலிக் அமிலங்களிலும் இதே கதைதான்: நெய்வேலியில் பார்த்த ஒற்றை, இரட்டை ஏற்ற இறக்கம் அங்கே கிடையாது. சிறிய துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தற்செயலாக வளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

அது எப்படி வளர்ந்தது என்பதும் பெருமளவு தெரியும். சூரியக் குடும்பம் தோன்றி ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் தொடக்கத்தில் பனியும் தூசியும் சேர்ந்து உருண்ட சிறு கோள்களுக்குள், அலுமினியம்-26 என்ற கதிரியக்க அணு சிதைந்து வெப்பத்தைக் கொடுத்தது. பனி உருகியது. பாறை இடுக்குகளில் வெதுவெதுப்பான நீர் ஊறி நின்றது. அந்த நீரில் ஆல்டிஹைடு, கீட்டோன், ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா ஆகியவை கரைந்திருந்தன. இவை நான்கையும் கண்டதும், முதுநிலை மாணவர் எவரும் இது அமினோ அமிலம் செய்யும் ஸ்ட்ரெக்கர் தொகுப்பு என்று சொல்லிவிடுவார். 1850இல் ஸ்ட்ரெக்கர் அலனினைச் செய்த அதே வழி. அசெட்டோன் போனால் ஆல்ஃபா அமினோ ஐசோபியூட்ரிக் அமிலம் வரும், பியூட்டனோன் போனால் ஐசோவேலின் வரும். மனிதர் எவரும் அடுப்பேற்றாத கோடி கோடிப் பானைகளில் ஒரே பாடநூல் வினை நடந்திருக்கிறது. எல்லா அமினோ அமிலங்களும் இந்த ஒரே வழியில் வந்தவை அல்ல. அமினோத் தொகுதி தள்ளி உட்கார்ந்த வகைகளுக்கு வேறு வினைகள் தேவைப்பட்டன. எந்தப் பானையில் எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் நீர் நின்றது என்பதைப் பொறுத்துக் கல்லுக்குக் கல் கலவை மாறும்.

இடக்கை வலக்கைப் பேச்சைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் கடை போட்டிருப்பவர்களிடம் சங்கைக் கேட்டுப் பாருங்கள். நூற்றுக்கணக்கான சங்குகளைக் கொட்டிக் காட்டினாலும் அத்தனையும் இடம்புரியாகவே இருக்கும். வலம்புரிச் சங்குக்கு ஏன் அத்தனை விலை, ஏன் அத்தனை போலிகள்? ஏனெனில் அந்த உயிரினம் ஒரே பக்கமாகச் சுருள்கிறது, மறுபக்கம் சுருள்வது அபூர்வம். இரண்டும் கண்ணாடியில் பார்த்த பிம்பம் போல ஒன்றுக்கொன்று சமம்; உறுதியிலோ எடையிலோ வேறுபாடு கிடையாது. ஆனாலும் உயிர் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நம் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களும் அப்படித்தான், எல்லாம் இடக்கை வடிவம். கிளைசினுக்கு மட்டும் கை என்ற பேச்சே இல்லை. ஒரு குவியலில் இடம்புரியும் வலம்புரியும் பாதிப் பாதியாகக் கிடந்தால், இது சங்குப் பூச்சி கட்டியதல்ல என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மர்ச்சிசன் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் அப்படிப் பாதிப் பாதியாகக் கிடந்தன.

“பெரும்பாலும்” என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. 1997இல் குரோனினும் பிட்சரெல்லோவும் மர்ச்சிசனின் ஐசோவேலினில் இடக்கை வடிவம் சற்றே மிகுந்திருப்பதைக் கண்டனர். பின்னர் 2009இல் கிளாவினும் டுவொர்க்கினும் அந்த மிகுதி 18 விழுக்காடு வரை போவதை அளந்தனர். பூமியின் மாசு என்று இதைத் தள்ள முடியாது, ஐசோவேலின் நம் புரதங்களில் கிடையாது. காலப்போக்கில் இடக்கையும் வலக்கையும் தாமே கலந்து சமமாகிவிடும் இயல்பு மற்ற அமினோ அமிலங்களுக்கு உண்டு. ஐசோவேலினில் மையக் கார்பனில் ஹைட்ரஜன் இல்லாததால் அது அப்படி எளிதில் கலையாது, பழைய சாய்வைக் காத்து வைத்திருக்கும். அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்பதற்கு விண்வெளியின் வட்ட முனைவாக்க ஒளி (ஒரே பக்கமாகத் திருகிச் செல்லும் ஒளி), நீரில் படிகமாகும்போது பெருகும் சிறு வேறுபாடு என்று சில விளக்கங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன, எதுவும் முடிந்த முடிபு அல்ல. என் கருத்து இது: கை ஒன்றை மட்டும் வைத்து உயிரை முடிவு செய்யக் கூடாது. சங்கின் திருப்பம், மெழுகின் ஒற்றைப்படை, ஐந்து கார்பன் அடுக்கு, ஐசோடோப்பு எல்லாம் ஒரே திசையைக் காட்டினால்தான் பேச வேண்டும்.

இதுவரை சொன்ன அமினோ அமிலங்கள் எல்லாம் சேர்ந்தும் விண்கல்லில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகள்தாம். மர்ச்சிசனின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு கார்பன், அதில் பெரும்பகுதி எந்தக் கரைப்பானிலும் கரையாத ஒரு கறுப்புப் பொருளாகவே இருக்கிறது. 100 கார்பன் அணுக்களுக்கு 70 ஹைட்ரஜன், 22 ஆக்சிஜன், 7 கந்தகம், 3 நைட்ரஜன் என்ற அளவில் அமைந்தது அது. நம் பாறைகளிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு, கெரோஜன் என்று பெயர். பூமியிலுள்ள கரிமப் பொருளில் மிகப் பெரும்பகுதி, படிவுப் பாறைகளுக்குள் சிதறிக் கிடக்கும் கெரோஜன்தான். சாதாரணமாகப் பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம், அதனால்தான் விண்கல்லில் உயிரின் எச்சம் உண்டா என்று 1960களில் அவ்வளவு சர்ச்சை நடந்தது. நுணுகிப் பார்த்தால் விண்கல்லின் பொருளில் சிறுசிறு வளையத் தொகுப்புகளைக் குட்டையான, கிளைத்த சங்கிலிகள் இணைக்கின்றன. கெரோஜனில் பாசியின் கொழுப்பும் இலையின் மெழுகும் கொடுத்த நீண்ட நேர்ச் சங்கிலிகள் தொங்குகின்றன. விண்கல்லின் பொருளில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் மிகுந்திருக்கிறது. முழுச் சுழியத்துக்குச் சில பத்து டிகிரி மேலே, அப்படியொரு குளிரில் நடக்கும் வினைகளில்தான் டியூட்டீரியம் இவ்வளவு சேரும். அந்தக் கறுப்புப் பொருளோடு ஒட்டிக்கொண்டு, சூரியனுக்கும் முந்தைய விண்மீன்களின் தூசியும் வந்திருக்கிறது: மர்ச்சிசனின் சிலிக்கான் கார்பைடு துகள்கள் சில 700 கோடி ஆண்டு வரை பழமையானவை என்று 2020இல் கணித்தார்கள்.

கார்பன் ஐசோடோப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இலை காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும்போது லேசான கார்பன்-12ஐ விரும்பி எடுக்கிறது. ஆகவே மரம், நெல், நெய்வேலிக் கரி எல்லாவற்றிலும் கார்பன்-13 குறிப்பு அளவைவிட ஆயிரத்தில் 25 பங்கு போலக் குறைந்திருக்கும். மர்ச்சிசனின் அமினோ அமிலங்களிலோ அது எதிர்ப்பக்கம் சாய்ந்து கூடுதலாக இருக்கும். 2008இல் அதே கல்லில், மரபுப்பொருளின் காரங்களில் ஒன்றான யுராசிலைக் கண்டபோதும் இந்தச் சோதனைதான் அது வானத்திலிருந்து வந்தது என்று உறுதி செய்தது.

மாசு என்ற தொல்லையைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். இந்தத் துறையில் பாதி உழைப்பு அதற்கே போகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நெய்வேலிக் கரியின் சாற்றை, மூலக்கூறுத் துண்டுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிரல்மானியில் கொடுத்திருந்தோம். நடுவில் ஓர் உயரமான கோபுரம் வந்தது, நிறை 149 என்ற இடத்தில். என் மாணவர் புதிய சேர்மம் என்று மகிழ்ந்துபோய் இரவெல்லாம் தாள்களைப் புரட்டினார். மறுநாள் கரியே போடாமல், வெறும் கரைப்பானை அதே வழியில் கொண்டுபோய்ப் பார்த்தோம். கோபுரம் அதே உயரத்தில் நின்றது. அது தாலேட், பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் பொருள். கரைப்பானை ஊற்றிய குழாயிலிருந்து கசிந்திருந்தது. அன்று முதல் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வெற்றுச் சோதனை முடியாமல் எவரும் மாதிரியைத் தொடுவதில்லை.

பெரிய இடங்களிலும் இதே நடந்திருக்கிறது. பிரான்சில் 1864 மே 14 அன்று ஓர்கேய் விண்கல் விழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, கண்ணாடிக் குப்பியில் மூடி வைக்கப்பட்டிருந்த அதன் ஒரு துண்டுக்குள் தாவர விதை கிடைத்தது. 1964இல் ஆன்டர்ஸ் குழுவினர் ஆராய்ந்தபோது, யாரோ கல்லை நனைத்துக் குழைத்து, விதையையும் நிலக்கரித் துணுக்கையும் திணித்து, பசை பூசி மூடியிருந்தது வெளிப்பட்டது. கல் விழுந்த 1864, உயிர் தானாகத் தோன்றுமா என்று பாஸ்டர் காலத்தில் பிரான்சே வாதாடிக்கொண்டிருந்த ஆண்டு. மாணவி கேட்ட “விண்கல்லுக்குள் மரம்” உண்மையாகவே ஒருமுறை கிடைத்தது என்று சொல்லலாம், கைவேலையாக.

பூமியின் பழைய பாறைகளில் பட்ட அடி இன்னும் பெரிது. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், 270 கோடி ஆண்டு பழைய பாறையில் ஸ்டிரேன்கள் கிடைத்ததாக 1999இல் அறிவித்தார்கள். ஸ்டிரேன் என்பது கொலஸ்டிரால் போன்றவற்றின் எச்சம், உட்கரு உள்ள செல்லின் அடையாளம். பாடநூல்களில்கூட ஏறிவிட்டது. பிறகு எண்ணெய் கலவாத முறையில் புதிதாகத் துளையிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றுச் சோதனை வைத்துப் பார்த்தபோது, அந்தப் பாறையில் ஒன்றும் இல்லை. முன்பு கண்டவை பிற்காலத்து மாசு என்று 2015இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில், முதலில் அறிவித்தவரே ஒரு பங்காளியாக இருந்தார் என்பதை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். இன்று மூலக்கூறு எச்சங்களில் உறுதியாக நம்பத்தக்க மிகப் பழையவை, வட ஆஸ்திரேலியாவின் பார்னி கிரீக் பாறையில் உள்ளவை, ஏறத்தாழ 164 கோடி ஆண்டு. மொரிட்டானியாவின் 110 கோடி ஆண்டுப் பாறையிலிருந்து 2018இல் எடுத்த போர்ஃபிரின், பச்சையத்தின் எலும்புக்கூடு, இளஞ்சிவப்பு நிறத்தோடு கண்ணாடிக் குப்பியில் நின்றது.

அதற்கும் பின்னால் போனால் மூலக்கூறு இல்லை, கிராஃபைட்டு மட்டும்தான். கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பாறையில் லேசான கார்பன் கொண்ட கிராஃபைட்டு உண்டு. சிலர் அதை உயிரின் தடம் என்கிறார்கள், அங்கேயே வேறு சில துகள்கள் கார்பனேட் கனிமம் வெப்பத்தில் சிதைந்ததால் வந்தவை என்றும் காட்டியிருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில், சிர்கான் என்ற கனிமத்தின் படிகம் ஒன்றுக்குள் 410 கோடி ஆண்டு வயதுள்ள கிராஃபைட்டுத் துளி 2015இல் கிடைத்தது. எல்லாத் தேர்வின் அடையாளங்களையும் வெப்பம் தின்றுவிட்ட பின் ஐசோடோப்பு ஒன்று மட்டும் மிஞ்சுகிறது, ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதுவது கடினம். ஆகவே பூமியின் முதல் 50 கோடி ஆண்டுகளில் எத்தகைய கரிமப் பொருள் இங்கே இருந்தது என்று அறிய, பூமிக்குள் தோண்டிப் பயனில்லை, அது வெந்து கரைந்துவிட்டது. வேகாமல் தப்பிய விண்கல்லைத்தான் கேட்க வேண்டும்.

மாசைத் தவிர்க்க ஒரே வழி, விழும்வரை காத்திராமல் போய் எடுத்து வருவது. ஜப்பானின் ஹயபுசா-2 கலம் ரியுகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணை 2020 டிசம்பரில் கொண்டுவந்தது. அதில் அமினோ அமிலங்களும் யுராசிலும் இருந்தன. நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் 2023 செப்டம்பர் 24 அன்று பென்னு சிறுகோளின் 121.6 கிராமைப் பூமியில் இறக்கியது. 2025 ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி அதில் புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களில் 14 உண்டு, மரபுப்பொருளின் ஐந்து காரங்களும் உண்டு, அம்மோனியா ஏராளம். இடக்கை வலக்கை ஏறக்குறையச் சமம், ஐசோவேலின் உட்பட. மர்ச்சிசனில் கண்ட சாய்வை வைத்துக் கட்டிய எதிர்பார்ப்பை இது கலைத்துப் போட்டது, அதனாலேயே எனக்கு இது மிகவும் பிடித்த முடிவு.

அதே மண்ணில் உப்புகளும் இருந்தன. மரக்காணம் உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது முதலில் சுண்ணாம்பு வகை, பிறகு ஜிப்சம், பிறகுதான் சோற்றுப்பு என்று ஒவ்வொன்றாகப் படியுமல்லவா, அதைப் போலவே பென்னு எதிலிருந்து உடைந்து வந்ததோ அந்தத் தாய்க்கோளுக்குள் இருந்த உவர்நீர் வற்றிப் பாஸ்பேட்டும் கார்பனேட்டும் குளோரைடும் படிந்திருக்கின்றன. விழுந்த விண்கற்களில் இவற்றைப் பெரும்பாலும் காண முடியாமல் போனதற்குக் காரணம், ஐப்பசியில் நம் அடுக்களை உப்புச் சாடிக்குள் என்ன நடக்கிறதோ அதுவே. ஈரக் காற்று பட்டதும் கசிந்து கரைந்துவிடும்.

இனி நம் ஊர்க் கல்லைப் பற்றி ஒரு சொல். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 1886 ஜனவரி 27 அன்று நம்மியந்தலில் விண்கல் ஒன்று விழுந்தது, சுமார் நாலரைக் கிலோ. அது சாதாரணக் காண்டிரைட்டு என்னும், கார்பன் மிகாத கல் வகை, அதிலும் தாய்க்கோளுக்குள்ளேயே பல நூறு டிகிரி வெந்தது. ஆகவே அமினோ அமிலத்துக்கு அதில் பெரிய எதிர்பார்ப்பு வைக்க இயலாது. விழக் காண்பவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான் கார்பன் மிகுந்த வகை. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் விழுந்தது அத்தகையது, மர்ச்சிசன் வகையையே சேர்ந்தது. பரங்கிப்பேட்டைப் பக்கம் கறுப்பாகக் கனமான கல் கிடைத்தது, விண்கல்லா என்று கேட்டு எனக்குப் பலர் படம் அனுப்புகிறார்கள். உடைந்த பக்கத்தில் குமிழித் துளைகள் இருந்தால் அது விண்கல் அல்ல, உலைக் கழிவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே இரும்பு உருக்காலை இருந்தது.

ஒருவேளை அந்த மாணவியின் கண்முன்னேயே கடலூரில் ஒரு கல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வகுப்பில் சொல்லிவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், விரலில் உள்ள அமினோ அமிலமே போதும் கணக்கைக் குழப்ப. கழுவ வேண்டாம். காந்தம் வைத்துப் பார்க்க வேண்டாம், கல்லுக்குள் உறைந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், என் மாணவரின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்த தாலேட் அதில்தான் இருக்கிறது. புதிதாகப் பிரித்த அலுமினியத் தாளில் சுற்றி, மழை படாமல் எடுத்து வைத்து, விழுந்த இடத்தையும் நேரத்தையும் எழுதிவைத்துவிட்டு, வட்டாட்சியர் அலுவலகம் வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். விழுந்த இடத்து மண்ணிலும் ஒரு கைப்பிடியைத் தனித் தாளில் மடித்து அனுப்ப வேண்டும், அதுதான் அந்தக் கல்லுக்குரிய வெற்றுச் சோதனை.